மீகஹகொல்லைக்குப் போக ஏழு பேர்

அன்னலெட்சுமியிடம் போய் அவள் வெட்டும் முன்னூறு ரப்பர் மரத்தில் எந்த மரம் எப்போது பால் நிறுத்தும் என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். கஹவத்தை பஸ்ஸில் எந்தக் கண்டக்டர் தோட்டத்து ஆட்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்புவான் என்று கேளுங்கள், அதையும் சொல்லுவாள். அப்படிப்பட்டவளை ஒரு பிரயாணம் ஒரு மாதமாகப் போட்டு ஆட்டிவைத்தது. போகவேண்டிய இடம் மலைக்குள் மலை. போகவேண்டிய காரணம் மகள் கல்யாணம். யார் போவது, எத்தனை பேர் போவது, எதைக் கொண்டுபோவது, போனால் அந்த ஊரில் எப்படி நிற்பது, எப்படி உட்காருவது, ஒன்றுக்கும் ஒருவருக்கும் பதில் தெரியாது. தெரியாதவர்கள் சும்மா இருந்தார்களா என்றால், அதுதான் இல்லை.

முதலில் இவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தெட்டு வயது. கஹவத்தையிலிருந்து அரை மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். புருஷன் எலிக்காய்ச்சலில் போய் ஆறு வருஷம். ஒரே மகள் சுதர்ஷினி, அவிசாவளைப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை. அன்னம் தன் வாழ்நாளில் போன தூரப் பயணம் என்றால் கதிர்காமம், சிவனொளிபாத மலை, அப்புறம் சாவு வீடு, கல்யாண வீடு. எல்லாமே ஒரு பஸ் நிறைய ஆள், அண்டா, குண்டா, மேளத்தோடு போனது. தனியாக உட்கார்ந்து ஒரு பயணத்தை யோசித்ததே கிடையாது.

மகள் ஏப்ரல் லீவுக்கு வந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னாள். பையன் பெயர் இசுரு. அதே கார்மெண்ட்ஸில் மெஷின் பழுதுபார்ப்பவன். சிங்களப் பையன் என்றதும் அன்னம் பெரிதாகத் துள்ளவில்லை. இந்தப் பக்கத்தில் பாதிப் பேச்சு சிங்களம், பாதிச் சிநேகம் சிங்களம், அவள் குடியிருக்கிற லயத்து வரிசையிலேயே இரண்டு வீட்டில் சிங்கள மருமகன் இருக்கிறான். அவளைத் தூக்கிப் போட்டது ஊர். நக்கிள்ஸ் மலைக்குள்ளே மீகஹகொல்ல என்று ஒரு கிராமம். இருபத்தைந்து வீடு. கண்டிக்குப் போய், அங்கிருந்து உன்னஸ்கிரிய போய், அங்கிருந்து ஜீப்பில் ஏறி, கடைசிக் கொஞ்ச தூரம் நடந்து போகவேண்டும். போன் சிக்னல் கிடையாது. கல்யாணம் முடிந்ததும் பையன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய், மலையேற வருகிற டூரிஸ்ட்டுகள் தங்குவதற்கு வீட்டில் இரண்டு ரூம் கட்டப்போகிறானாம். மகளும் அங்கேதான்.

சுதர்ஷினி போனில் படம் படமாகக் காட்டினாள். பனி மூடின மலை, அருவி, மலை விளிம்பில் நிற்கிற இசுரு, படிக்கட்டு மாதிரி வயல், ஒரு மாடு, திரும்ப இசுரு. அன்னம் ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வீட்டைத் தவிர எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தான் அந்தப் பிள்ளை. "வீடு எங்கடி?" என்று கேட்டால், "இந்த மலைக்கு அங்கிட்டும்மா, ரொம்ப அழகான ஊரு" என்கிறாள். அழகை வைத்து உலையா வைக்க முடியும். அன்னத்துக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. பெற்ற பிள்ளை போய் வாழப்போகிற வீட்டை இந்த இரண்டு கண்ணாலும் ஒரு தடவை பார்க்கவேண்டும். தண்ணீர் எவ்வளவு தூரம், கக்கூஸ் எங்கே இருக்கிறது, நடுராத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டால் எந்த வழியாக ஆஸ்பத்திரிக்குப் போவாள். சிக்னலும் இல்லாத ஊரில் மகளைப் பற்றி நினைக்க ஒரு இடமாவது மனசில் இருக்கவேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

நம் வழக்கத்தில் அதற்கு வழி இருக்கத்தானே செய்கிறது. பெண் வீட்டு ஆட்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது. தட்டு எடுத்து, ஒற்றைப்படையில் ஆள் கூட்டி, நல்ல நேரம் பார்த்துப் போய் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது. அன்னம் அதைத்தான் கேட்டாள். அவ்வளவுதான், காரியத்தை அழகமுத்து கையில் எடுத்துக்கொண்டார்.

அழகமுத்து அவள் புருஷனின் அண்ணன். அவள் அவரை மாமா என்பாள். முப்பது வருஷம் கங்காணி வேலை பார்த்தவர். வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களை எண்ணி எண்ணி அதுவே மனுஷனுக்கு மூச்சாகிப்போனது. பென்ஷன் வாங்கியும் எண்ணுவதை விடவில்லை. சாவு வீட்டுக்குப் போனாலும் எண்ணுவார், பஸ்ஸில் ஏறினாலும் எண்ணுவார். நல்ல மனுஷன், தம்பி செத்த அன்றிலிருந்து இந்த இரண்டு பேருக்கும் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு காரியத்தை அவரிடம் கொடுத்தால் அது அவர் காரியம் ஆகிவிடும், கொடுத்தவர் ஓரத்தில் நிற்கவேண்டியதுதான்.

அவர் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் ஞாயிறு தவறாமல் கூட்டம். கோயில் பூசாரி, தோட்டத் தலைவர், அன்னத்தின் தம்பி, அவன் பெண்சாதி, அழகமுத்துவின் மனைவி சுப்பம்மா, பள்ளிக்கூடத்து வசந்தன் மாஸ்டர். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர் ஒருவர் கூட இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். அவர் பாவம், இந்த மலையைப் பற்றியும் தெரியாது, இந்தத் தோட்டத்து வழக்கத்தைப் பற்றியும் தெரியாது. கேட்டதற்கெல்லாம் "அப்பிடித்தான் இருக்கும் போல" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்.

அந்த மலைக்காரர்களைப் பற்றி வந்த சங்கதிகளைக் கேட்கவேண்டுமே. அழகமுத்து யூடியூப்பில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, அங்கே பத்து மணிக்குத்தான் சூரியனே தெரியும், அதனால் அவர்களுக்கு நல்ல நேரம் எல்லாம் நம்மைவிடத் தள்ளித்தான் வரும் என்றார். தலைவர் ஒரு காலத்தில் ஏலக்காய் வாங்கப் போன ஒருவரைத் தெரியும் என்று தொடங்கி, அந்தக் காட்டில் நுழையும்போது மரத்தில் கொப்பு ஒடித்துத் தொங்கவிடாமல் போனால் வழி தவறிவிடும் என்றார். அவர்கள் குரக்கன் என்கிற கேழ்வரகுதான் சாப்பிடுவார்கள், சோறு போட்டால் கோபிப்பார்கள் என்று ஒருவர். இல்லை, சோறு கொண்டுபோகாவிட்டால்தான் கோபிப்பார்கள் என்று இன்னொருவர். வெற்றிலை நாற்பது வைத்துக் கொடுக்கவேண்டும் என்று அன்னத்தின் தம்பி எங்கோ கேட்டு வந்தான். நாற்பது ரெட்டைப்படை ஆயிற்றே என்று பூசாரி முகத்தைச் சுளித்தார். காம்பு கொடுக்கிறவர் பக்கமா, வாங்குகிறவர் பக்கமா என்பதில் ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. தேதிக்கு இரண்டு பஞ்சாங்கம் பார்த்தார்கள். அவர்கள் பக்கத்து நேரக் குறிப்பும் வந்தது, மூன்றும் மூன்று திசையில் இழுத்தது. கடைசியில் பௌர்ணமிப் போயா விடுமுறை வருகிற திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு வாசல் மிதிப்பது என்று தலைவலியோடு முடிவு செய்தார்கள். ஞாயிறு வேனில் புறப்பட்டு, கண்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடியப் போவது.

இவ்வளவு குழப்பத்திலும் குழப்பமில்லாத ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது, அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இசுருவின் அம்மா ஹீன் மெனிக்கே, ஞாயிறு நாலு மணிக்கு அன்னத்துக்குப் போன் எடுப்பாள். வீட்டில் சிக்னல் இல்லை, அதனால் வீட்டுக்கு மேலே இருக்கிற ஒரு பெரிய கல்லில் ஏறி நின்றுதான் பேசவேண்டும். அன்னம் லயத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று காத்திருப்பாள். முதல் ஞாயிறு இரண்டு பேரும் நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கோம் என்பதோடு மூச்சுவாங்கினார்கள். இரண்டாவது ஞாயிறு அட்டைக்கடிக்கு யார் என்ன பூசுவது என்று ஆரம்பித்தது, அதற்குப் பிறகு நிற்கவில்லை. எல்லாம் சிங்களத்தில்தான். இவள் அக்கே என்பாள், அவள் தங்கச்சி என்கிற மாதிரி நங்கி என்பாள்.

கொப்பு தொங்கவிடுவது உண்மையா என்று அன்னம் கேட்டாள். உண்மைதான், காட்டுக்குள் போகும்போது அய்யநாயக்க தெய்வத்துக்குக் கட்டுவோம், ஜீப்பில் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை, நாங்கள் உங்களுக்கும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம் என்றாள் அவள். அய்யநாயக்க என்றதும் அன்னத்துக்கு நம்ம அய்யனார்தான் நினைவுக்கு வந்தார், மனசு கொஞ்சம் இலகுவானது. குரக்கனா சோறா என்று கேட்டதற்கு ஹீன் மெனிக்கே விழுந்து விழுந்து சிரித்தாள். இதையெல்லாம் அன்னம் கூட்டத்தில் போய்ச் சொன்னாள். ஆனால் வீடியோவில் வேறு மாதிரி இருந்ததே என்றார் அழகமுத்து.

புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது அவர் ஆள் கணக்கைச் சொன்னார். விரல் மடக்கி எண்ணினார். தானும் சுப்பம்மாவும் இரண்டு. பூசாரி மூன்று. தலைவர் நாலு. தாய்மாமனும் பெண்சாதியும் ஆறு. மாஸ்டர் ஏழு. ஒன்பது தட்டு, ஏழு ஆள், வேனில் இடமும் சரி. அன்னம் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழு முடிந்து கையை மடித்துவிட்டார்.

"நம்ம அன்னம் இங்கன சமைச்சு வச்சிட்டு இருக்கட்டும். திரும்பி வாற ஆளுங்க பசியோட வருவாங்க இல்ல."

அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? சரிங்க மாமா என்றாள். அவர் முடிக்கும் முன்னாலேயே சொன்னாள். அதுதான் என் வயிற்றெரிச்சல். புருஷன் இல்லாதவள் நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்கக்கூடாது என்று யாரும் வாய்திறந்து சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. ஆறு வருஷமாக அவளாகவே பின்னால் நகர்ந்து நகர்ந்து பழகிவிட்டாள். போன வருஷம் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போதுகூட, யாரும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து தேங்காய் துருவினவள்தான்.

அன்றைக்குப் பொழுதுபட சுப்பம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்ன விட்டுட்டுப் போறது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு அன்னம் என்றாள். "ஆனா நாளப்பின்ன அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா..." என்று ஆரம்பித்து, அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்த முடியாத பேச்சு அன்னத்தைப் பிடித்துக்கொண்டது. அவளுக்குப் போகவும் வேண்டும், போகப் பயமாகவும் இருந்தது. தான் போய் அந்த வாசலை மிதித்து, நாளைக்கு மகளுக்கு ஒரு பிள்ளை தங்காவிட்டால், ஜீப் சறுக்கினால், மண் சரிந்தால், எல்லாரும் தன்னைத்தான் பார்ப்பார்கள். எல்லாரும் இருக்கட்டும், முதலில் அவளே அவளைத்தான் பார்ப்பாள். வழக்கம் சரியா தப்பா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மகள் விஷயம் தெரிந்து போனில் பெரியப்பாவோடு சண்டைக்கு நின்றாள். அன்னம்தான் வாயை மூடுடி என்று அவளை அடக்கினாள்.

அப்புறம் ஒரு புது யோசனை. போகிறவர்களிடம் சொல்லி அனுப்புவோம், அவர்கள் பார்த்து வந்து சொல்லட்டும் என்று நினைத்தாள். தண்ணீர், கக்கூஸ், கூரை, அடுப்படிக்குள் வெளிச்சம் வருகிறதா, இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுப்பம்மாவிடம் சொன்னாள். சுப்பம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டினதைப் பார்த்து அன்னத்துக்குச் சந்தேகம். "அக்கா, போன வருசம் பலாங்கொடையில ஒரு மாப்பிள்ள வீடு பார்த்துட்டு வந்தீங்களே, அந்த வீட்டுல எத்தன ரூம்பு?" என்று கேட்டாள். சுப்பம்மா யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, பாயசத்தில் முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள் என்றாள்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்குப் போன் வந்தது. தொட்டிப் பக்கத்தில் ஆள் இல்லை. அன்னம் மென்று முழுங்கி, தான் வரப்போவதில்லை என்று சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். சிங்களத்தில் சொல்லும்போது அது இன்னும் மோசமாகக் கேட்டது.

"நீ வரலைன்னா நான் யாருக்காக நங்கி வாரா வாரம் இந்தக் கல்லுல ஏறினேன்?" என்று கேட்டாள் ஹீன் மெனிக்கே. "என் மனுசன் செத்துப் பதினோரு வருசம். திங்கக்கிழம எங்க வீட்டு வாசல்ல நிக்கப்போறது நான்தான், வேற ஆள் இல்ல. என்னையப் பார்த்ததும் உங்க ஆளுங்க திரும்பிப் போயிருவாங்களா?"

அன்னம் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை ஞாயிறு பேசியிருக்கிறார்கள், அட்டையிலிருந்து மிளகுக் கொடி வரை பேசியிருக்கிறார்கள், இதை இவள் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. மகளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் இருக்கும், இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அதெல்லாம் ஒரு விஷயமா. வெற்றிலைக் காம்பு வரைக்கும் விசாரித்த அழகமுத்து மாப்பிள்ளைக்கு அப்பா இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே. சம்பந்தி ஆம்பளையிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

இப்போது குழப்பம் ரெட்டிப்பாகிவிட்டது. மாமாவிடம் சொன்னால், முதல் வேலையாகப் பயணத்தையே தள்ளிப்போடுவார், அப்புறம் அது தள்ளிப்போனதாகவே கிடக்கும். சொல்லாமல் விட்டால் திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்த வாசலில் போய் நின்று, அந்த மனுஷியைப் பார்த்து முகம் மாறுவார். பொல்லாதவர் இல்லை. ஆனால் முகம் மாறும். அந்த முகத்தைக் கல்லில் ஏறி இறங்குகிற அந்தப் பொம்பளை பார்க்கவேண்டி வரும். பிறகு அந்த வீட்டில்தான் தன் மகள் போய்ச் சோறு ஆக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை சொல்லிவிடுவோம் என்று போனாள். அழகமுத்து வெள்ளைச் சேர்ட்டைத் தேய்த்து, எந்தத் தட்டை யார் தூக்குவது என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் சந்தோஷமாக இருந்ததைப் பார்த்ததும் வாய் வரவில்லை. தம்பி இல்லாத குறை தெரியக்கூடாது அன்னம், எல்லாம் ஒழுங்கா செய்வோம் என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. வியாழக்கிழமையும் போனாள், வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள். அன்றைக்குப் பட்டையில் கத்தி ஆழமாக இறங்கி இரண்டு மரத்துக்குக் காயம். இருபத்தாறு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. வெட்டுப் பார்க்க வந்த ஐயா, என்ன அன்னலெட்சுமி, மரத்துமேல என்ன கோபம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் காயத்துக்குக் களிமண் அப்பிக்கொண்டு நிற்கும்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. மாமா கணக்கில் ஏழு பேர். கோயிலடியில் ஒன்றாகக் கற்பூரம் கொளுத்தி, ஒன்றாக வேனில் ஏறி, ஒன்றாகப் போய் இறங்குகிற ஏழு பேர். வேறொரு நாளில், வேறொரு பஸ்ஸில் போகிற ஒருத்தி அந்த ஏழில் எப்படிச் சேருவாள்? எட்டும் ஆகாது, முன்னால் நின்றதும் ஆகாது. இது நியாயமா, இல்லை தன்னைத் தானே ஏமாற்றுகிற பேச்சா என்று அவளுக்குத் தெரியவில்லை. திருப்பித் திருப்பி யோசித்தாள், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியில், புரிந்த பிறகுதான் போவதென்றால் இந்த ஜென்மத்தில் போகமுடியாது என்று மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமைக்குத் தன் மரங்களைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வெட்டுக்காரி சுகந்தினியிடம் சொன்னாள். சுப்பம்மாவிடம், இரத்தினபுரியில் ஒரு சோலி அக்கா, வர ரெண்டு மூணு நாளாகும் என்றாள். இரத்தினபுரி வழியாகத்தான் போகப்போகிறாள், அந்த அளவுக்கு அது உண்மை. மகளுக்கு மட்டும் முழுதாகச் சொன்னாள். மகள், அம்மா குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கா என்று கேட்டாள். இல்லை. புருஷனுடைய பழைய ஜம்பர் ஒன்று இருந்தது, அதை எடுத்துக்கொண்டாள்.

விடிய முதல் பஸ். இரத்தினபுரியில் இறங்கி கண்டி பஸ் எங்கே நிற்கும் என்று மூன்று பேரிடம் கேட்டாள், மூன்று பேரும் மூன்று பக்கம் கையைக் காட்டினார்கள். கண்டியில் இன்னும் மோசம். உன்னஸ்கிரிய வழியாகப் போகிற மஹியங்கனை பஸ்ஸில் ஏறவேண்டியவள் வேறொரு பஸ்ஸில் ஏறி, நல்லவேளை கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் முன் இறக்கிவிட்டான். உன்னஸ்கிரியவில் இறங்கும்போது மழைத் தூறல். மகள் சொல்லிவைத்தபடி இசுரு ஒரு ஜீப்போடு நின்றிருந்தான். படத்தில் பார்த்ததைவிட மெலிந்த பிள்ளை. அம்மே என்று கூப்பிட்டு அவள் பையை வாங்கிக்கொண்டான். அவனை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் வழி முழுக்க அவள் அவனைப் பெயர் சொல்லாமலே பேசினாள். ரோட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அதை ரோட்டு என்று சொன்னவன் வாயில் மண். அவள் கம்பியைப் பிடித்த பிடியில் உள்ளங்கை சிவந்துபோனது, பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீடு இருந்தது. மலைக்கு அங்கிட்டு, மகள் சொன்ன மாதிரியே. முன்பக்கம் ஓடு, பின்பக்கம் தகரம். தண்ணீர் மேலே ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது, நிற்பதேயில்லை. கக்கூஸ் வெளியே, வீட்டிலிருந்து இருபத்திரண்டு எட்டு, அவள் நடந்தே எண்ணினாள். அடுப்படி இருட்டு, ஒரு கண்ணாடி ஓடு போட்டால் சரியாகும். ஆஸ்பத்திரிக்கு அதே ஜீப், அதே ரோட்டு. அது ஒன்றுதான் அவளுக்குச் செரிக்கவில்லை. அதை ஹீன் மெனிக்கேயிடம் சொல்லவும் செய்தாள். ஹீன் மெனிக்கே, ஆமாம் நங்கி, எனக்கும் முப்பத்திரண்டு வருஷமாக அது செரிக்கவில்லை என்றாள். குரலை வைத்து ஒரு பெரிய ஆளை நினைத்திருந்தாள் அன்னம். தோளுக்குக்கூட வரவில்லை அந்த மனுஷி. நேரில் பார்த்தபோது இரண்டு பேருக்கும் முதலில் வெட்கம். கொஞ்ச நேரம் கழித்து அன்னம் அழுதாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மகளை இவ்வளவு தூரத்தில் விடப்போவதற்கு இருக்கலாம், இவ்வளவு தூரம் தனியாக வந்துவிட்டதற்கும் இருக்கலாம். மற்றவள் சமாதானம் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்து மிளகு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு முழுக்கப் பலகாரம் சுட்டார்கள். இவள் அங்கே இருப்பது வரப்போகிற ஏழு பேருக்கும் தெரியாது. சொல்லியிருக்கவேண்டுமோ என்று எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். தெரியாமல் வருகிறவர்கள் கோபித்துக்கொண்டு போனால், மகள் கல்யாணத்தைத் தன் கையாலேயே கெடுத்தவள் ஆவாள். ஹீன் மெனிக்கேயிடமும் கேட்டாள். எனக்கும் தெரியாது நங்கி, எனக்கும் இது முதல் கல்யாணம்தான் என்றாள் அவள்.

திங்கட்கிழமை சரியான நேரத்துக்குத்தான் வந்தார்கள். ஜீப் நின்ற இடத்திலிருந்து ஏறி வரும்போது அழகமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. தேய்த்த வெள்ளைச் சேர்ட்டு, கையில் வெற்றிலைத் தட்டு. பின்னால் சுப்பம்மா பூத்தட்டோடு, மற்றவர்கள் வரிசையாக. இஸ்தோப்புப் படிக்கு ஐந்தாறு எட்டு இருக்கும்போது தலையை நிமிர்த்தினார். வாசலில் வெள்ளைச் சேலையில் சின்னதாக ஒரு அம்மா. பக்கத்தில் நீலச் சேலையில் அவர் தம்பி பெண்சாதி. இரண்டு பேர் நெற்றியும் வெறும் நெற்றி.

அவர் அப்படியே நின்றுவிட்டார். பூசாரி அவர் முதுகில் முட்டினார். அழகமுத்து வாசலைப் பார்த்தார், திரும்பிப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்தார், உதடு அசைந்தது, மனுஷன் எண்ணுகிறார். எண்ணிப் பார்த்தும் கூடவுமில்லை, குறையவுமில்லை. நீயா, எப்படி வந்த, வீட்டுக்கார ஐயா எங்க, எதைக் கேட்பது என்று தெரியாமல் கடைசியில் ஒன்றைக் கேட்டார்.

"அன்னம், நீ யாரு பக்கம் புள்ள?"

அவளுக்குப் பயம் இருந்தது உண்மை. பொய் சொல்ல நான் யார். ஆனால் இந்தத் தடவை அவர் முடிக்கும் முன்னால் அவள் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டு முடித்து, மூச்சு வாங்கி, நிற்கும்வரை இருந்தாள்.

"நான் இந்த வீட்டு ஆளுங்க பக்கம் மாமா. ஒங்க கணக்கு ஏழு, சரியாத்தான் இருக்கு. அப்பா இல்லாத புள்ளையத்தான் நம்ம புள்ளைக்குக் கேக்க வந்திருக்கோம். இது அவங்க அம்மா. உள்ளுக்கு வாங்க."

அழகமுத்து ஹீன் மெனிக்கேயைப் பார்த்தார். அவள் நேற்றிலிருந்து கேட்டுப் பழகிவைத்திருந்த ஒரே தமிழ் வார்த்தையை, வாங்க என்று, மெதுவாகச் சொன்னாள். அவர் முகம் மாறத்தான் செய்தது. எப்படி மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அன்னத்தைக் கேட்டாலும் அவளுக்கும் தெரியாது என்றுதான் சொல்லுவாள். செருப்பைக் கழற்றினார். படியேறித் தட்டை நீட்டினார். ஹீன் மெனிக்கே கை நீட்டி வாங்கினாள், ஒரு ஆளுக்கு அது கனம், தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. அன்னம் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது தட்டையும் அப்படியே இரண்டு பேருமாக வாங்கி உள்ளே வைத்தார்கள்.